டாக்டரம்மா வேனுக்கு ரிலே போட்ட கதை

என் அக்கா பெற்ற செல்வமும், நம் குடும்பத்தின் முதல் டாக்டரும், இந்த வட்டாரத்து ஆடுமாடுகள் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும் கால்நடை மருத்துவருமாகிய மருமகளுக்கு, தாய்மாமன் ஆசியோடு எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தையும் நலம். என்னோடு பேசுவதை நிறுத்தியபிறகு முகம் இன்னும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

நிற்க. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று உன் அம்மா குறுக்கே கேட்பாள். மனசுக்குள் சொன்னேன், போதுமா?

உன் வேனை எங்கள் கொட்டகையில் விட்டுவிட்டுக் கடைசிப் பரீட்சைக்குக் கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்? "மாமா, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி மட்டும் வைங்க. வேற எதுவும் பண்ணிடாதீங்க, தயவுசெஞ்சு." அந்தத் தயவுசெஞ்சுவில் ஒரு ஏக்கம் இருந்தது. வாய்விட்டுக் கேட்கப் பிள்ளை கூச்சப்படுகிறது என்று புரிந்துகொண்டேன். தடுப்பூசி மருந்து சூடுபட்டால் கெட்டுப்போகும், கெட்ட மருந்தை நம்பினால் கன்றுக்குட்டி பிழைக்காது, பழி டாக்டர் தலையில் என்று நீயே ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாயல்லவா? முதல் நாளே என் மருமகள் தலையில் பழியா? விடுவேனா? வேனின் பின்பக்கம் ஒரு சின்ன ஃபிரிட்ஜை இறக்கிவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் நான். ஆனால் கரண்ட் என் பேச்சைக் கேட்கும். வீட்டு அழைப்பு மணிக்கு வாங்கியதில் மிஞ்சிய வயரையும் ஸ்விட்சையும் வைத்து, நேராக பேட்டரியிலிருந்தே இழுத்து மாட்டினேன். ஃபிரிட்ஜ் ஓடியது பார், தேர் மாதிரி! கொஞ்ச நேரத்தில் ஸ்விட்ச் மெழுகுவர்த்தியாக உருகி, அணைக்க முடியாமல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதைக்கூட நான் உறுதி என்றுதான் எடுத்துக்கொண்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட இல்லை, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் ஓடி பேட்டரியை உறிஞ்சிவிட்டது.

கடைத்தெருவில் வண்டி எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் கூப்பிடுவது 'ஷாக்' என்று. உருகிய ஸ்விட்சைக் காட்டினேன். "ஐயா, ரிலே போடாம இழுத்திருக்கீங்களே! வண்டி எரியாம இருந்தது உங்க அதிர்ஷ்டம்" என்றார். "அதிர்ஷ்டம் இல்லப்பா, அனுபவம்" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார், அசந்துபோயிருப்பார்.

ரிலே என்றால் என்ன என்று உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. நம் வீட்டில் உன் அத்தை லேசாகத் தொண்டையைச் செருமுவாள், நான் எழுந்துபோய் பீரோவை நகர்த்துவேன். பீரோவின் பாரம் அவள் தொண்டையில் ஏறுவதில்லை பார், அதுதான் ரிலே. சின்னக் கரண்ட் செருமும், பெட்டி 'டிக்' என்னும், பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராக ஃபிரிட்ஜுக்குப் போகும், நடுவில் ஒரு ஃபியூஸ் காவல் நிற்கும். அந்தச் செருமல் மட்டும், சாவி போட்டால் உயிர்வந்து சாவி எடுத்தால் அடங்கும் வயரிலிருந்து வர வேண்டும். "நானே வந்து போட்டுத் தரேன்" என்றார் ஷாக். "பெட்டியை மட்டும் கொடுப்பா" என்று வாங்கிக்கொண்டு, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வயரைத் தேடிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும். சாவியைப் போட்டு, ஒரு காலை வெளியே ஊன்றி, வயர் வயராகச் சோதனை விளக்கை வைத்தேன். ஒன்றில் பளிச்சென்று எரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவைச் சாத்தி, கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அணைந்திருந்தது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ரிலேயை அதிலேயே மாட்டினேன்.

மறுநாள் அத்தை தன் தங்கை வீட்டுக்கு ஒரு டப்பா ஐஸ்கிரீம் எடுத்துக்கொண்டு ஏறினாள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பின்கதவைத் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஃபிரிட்ஜ் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது! போய்ச் சேர்ந்தபோது ஐஸ்கிரீமை டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம் போல இருந்தது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வீடு திரும்பியதும் அவள் ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாவி போட்டபடியே இருக்கட்டும், கதவைச் சாத்துங்க" என்றாள். சாத்தினேன். "ஓடுதா?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து கையை ஆட்டினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கக் கதவைத் திறந்தேன்.

"ஓடலைங்க."

"ஓடுதே! காது கேக்கலையா?"

"நீங்க திறந்தா ஓடுது. சாத்துனா நிக்குது."

"அது எப்படிடி, என்னைக் கண்டா மட்டும் ஓடுமா?"

"ஏன், மாமனாரைக் கண்டா மட்டும் வேலை செய்யற மருமகளா அது? உள்ள வந்து உக்காருங்க!"

உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் கூரை விளக்கு அணைந்தது, 'டிக்', ஃபிரிட்ஜும் அடங்கியது. "கதவு விளக்கோட வயர்ல கொண்டுபோய் மாட்டியிருக்கீங்க" என்றாள். "அதை நீயா கண்டுபிடிக்கிறியான்னுதான் பார்த்தேன்" என்றேன். அப்போது நிறுத்தியதுதான் பேச்சை.

நான் விட்டேனா? அன்றைக்கே ஷாக் வந்து பக்கத்தில் நிற்க, செருமல் வயரைப் பிடுங்கி, சாவி போட்டால் மட்டும் உயிர்வரும் ஃபியூஸில் என் கையாலேயே மாட்டினேன். கதவைச் சாத்தினோம், ஓடியது. சாவியை எடுத்தோம், நின்றது. ஷாக் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, என் கடையை நீங்களே பாத்துக்குங்க, நான் உங்ககிட்ட வேலைக்கு வரேன்" என்றார். எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே டாக்டரம்மா, திங்கட்கிழமை மருந்தோடு நேரே வந்து இறங்கு. டாக்டர் வருகிறாள், மருந்து வேனிலேயே குளிரக் குளிர வருகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். கால்நடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் காத்திருக்கிறார்கள். கைராசிக்காரி என்று பேர் எடுத்து, நோய்நொடி உன்னைக் கண்டு ஓட, நீ நீடூழி வாழ வேண்டும். உன் அம்மாவுக்கு என் வணக்கம். கடிதத்தை அவள் கண்ணில் காட்டாதே.

இப்படிக்கு,
உன் பெருமைமிகு தாய்மாமன்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் சத்தியம், ஷாக் வந்தது மட்டும் நானாகச் சேர்த்தது. அவர் இனிமேல்தான் வர வேண்டும், அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். வயர் இன்னும் கதவு விளக்கிலேயேதான் இருக்கிறது. உறையில் போட்டு ஒட்டப்போனேன், கன்றுக்குட்டி ஞாபகம் வந்துவிட்டது. அதனால் மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்தே கொண்டுவா, ஷாக் பார்த்துச் சொல்லும்வரை என் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதே. மற்றபடி, கதவு திறந்திருக்கும்வரை அதைப்போலக் குளிரும் ஃபிரிட்ஜ் இந்த வட்டாரத்திலேயே கிடையாது.