ஓரம் தெளிவாத் தெரியணும்

இனிமேல் எந்த போர்டையும் விரலால் தொட்டுச் சூடு பார்ப்பதில்லை என்று ராசாங்கம் முடிவெடுத்தார். அந்த நேரத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் தண்ணீர் டம்ளருக்குள் இருந்தது.

குன்னத்தில் பஸ் போகிற ரோட்டை ஒட்டிய வீடு. முன்னறைதான் பட்டறை. மக்காச்சோளக் காட்டு மோட்டாரின் ஸ்டார்ட்டர் போர்டோ, வீட்டு இன்வெர்ட்டர் போர்டோ, எது செத்தாலும் அவர் மேசைக்குத்தான் வரும். கரண்ட் கொடுத்துவிட்டு, எந்த பார்ட் கொதிக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவார். தெருவில் போகிறவர்களுக்கு "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்டால், ராசாங்கம் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

பெரம்பலூர் மீட்டர் கடையில் வேலை பார்க்கும் லாவண்யாவுக்கு அவரைத் தெரியும். போன மாதம் ஒரு மல்டிமீட்டர் வாங்குவதற்கு அந்தப் பெண்ணை அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒயர் ஒயரைத் தொட்டதும் மீட்டர் பீப் அடிக்க வேண்டும். கொண்டுவந்ததெல்லாம் ஒரு நொடி தாமதித்து அடித்தன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

"தொட்டா ஒடனே கத்தணும்மா. யோசிச்சுக் கத்துற மீட்டர் எனக்கெதுக்கு?"

"அதான் நான் இருக்கேனே" என்றாள் அடுப்படியிலிருந்து பொன்னாயி, அவர் மனைவி.

இந்த முறை, தொடாமலே சூடு பார்க்கிற கருவி வேண்டும் என்று அவர் கேட்டிருந்ததால், லாவண்யா மூன்று பெட்டிகளோடு வந்தாள். வைத்துப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றாள். முதல் பெட்டியில் துப்பாக்கி மாதிரி ஒன்று. கொரோனா காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அந்த ஜாதி. சூட்டை நம்பராக மட்டும் காட்டும். மற்ற இரண்டும் தெர்மல் கேமரா. சூட்டைப் படமாகவே காட்டும். ஒன்றில் படம், மழையில் பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரி கலங்கித் தெரிந்தது.

"இது வேணாம்மா. ஓரம் தெளிவாத் தெரியணும். இல்லேன்னா கொதிக்கிறது இதா, பக்கத்துல இருக்குறதான்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப இதப் பாருங்கய்யா" என்று மூன்றாவதை மேசைமேல் வைத்துவிட்டு லாவண்யா கிளம்பினாள்.

செத்துப்போன இன்வெர்ட்டர் போர்டு ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்து, அதன்மேல் கேமராவைப் பிடித்தார் ராசாங்கம். போர்டு முழுக்க ஊதா நிறத்தில் உறங்கிக் கிடந்தது. நூறு பார்ட்டுகளுக்கு நடுவே, அரிசி நொய் அளவில் ஒரே ஒரு கெப்பாசிட்டர், ஊதுவத்தி முனை போலக் கனன்றது. அதன் நாலு ஓரமும் கோடு போட்ட மாதிரி தெரிந்தன. இத்தனை காலமாக இவர் விரல் கண்மூடித்தனமாகத் தேடியதை, இது ஒரு பார்வையில் பார்த்துவிட்டது. மேசையில் கையை ஊன்றி எடுத்தார். கை வந்துவிட்டது. படத்தில் கை இன்னும் மேசையிலேயே, மஞ்சளாக, ஐந்து விரலோடு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லக் கரைந்தது.

"பொன்னாயி, இங்க வா புள்ள. கையை எடுத்துட்டேன். கை இன்னும் அங்கயே இருக்கு பாரு."

"சும்மாத்தான் இருக்குன்னா, அந்தக் கைய ரெண்டு வெங்காயம் உரிக்கச் சொல்லுங்க."

"இது பொய்யே சொல்லாது புள்ள. உள்ளது உள்ளபடி காட்டும்."

பொன்னாயி கேமராவைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். குழந்தை யானையைப் பார்க்கிற முகம் அவருக்கு.

"சரி, வாங்கிக்கங்க. ஆனா ஞாயித்துக்கெழம அறிவரசன் வூட்டுக்கு வரணும். மைக்குல பேசணும்."

ராசாங்கத்தின் முகத்திலிருந்த யானை இறங்கிப் போய்விட்டது.

அறிவரசன் அவள் தம்பி. கீழப்பழுவூரில் புதுவீடு கட்டிக் குடிபோகிறான். மாமா மேல் உள்ள பாசத்தில், பத்திரிகையிலேயே 'தலைமை: மின்னணு வல்லுநர் திரு. ராசாங்கம்' என்று அச்சடித்துவிட்டான். ராசாங்கமோ, மூன்று வாடிக்கையாளர்கள் சேர்ந்தாற்போல் வந்தாலே, தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கக் கொல்லைப்பக்கம் போய்விடுகிற ஆள்.

"வரலன்னா?"

"பெட்டி பெரம்பலூருக்குப் போயிரும்."

"உடம்பு சரியில்லாமப் போச்சுன்னா?"

"அப்ப நான் மட்டும் போயிட்டு வரேன்."

"பெட்டி?"

"காய்ச்சல்ல கெடக்குற மனுசன்கிட்டேர்ந்து அதையுமா புடுங்கப் போறேன்?"

ராசாங்கம் அன்று முழுவதும் மிகவும் அமைதியாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பொன்னாயி பட்டுச்சேலை கட்டிக்கொண்டிருந்தாள். ராசாங்கம் பட்டறைக் கதவைச் சாத்தினார். தெர்மாமீட்டர் ஆகாது என்று ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். அதை நாக்குக்கு அடியில் வைப்பாள். நாக்கை எப்படிச் சுடவைப்பது? கேமரா அப்படியல்ல, மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்தார். போர்டிலிருந்து பார்ட்டுகளைக் கழற்றச் சூடான காற்று ஊதும் கருவியை எடுத்து, துண்டின்மேல் நன்றாக ஊதினார். அதை நெற்றியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பிறகு துண்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு முனகினார்.

பொன்னாயி வந்து நெற்றியைத் தொட்டாள்.

"என்னங்க, இப்படிக் கொதிக்குது?"

"கையை நம்பாத புள்ள. மீட்டரை நம்பு."

கேமராவைத் தன் நெற்றிக்கு மிக அருகில் பிடித்துத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்க ஒரே சிவப்பு. நடுவில் நாற்பது என்று நம்பர். பொன்னாயி வாயில் கை வைத்தாள்.

"நாப்பதா? டாக்டர்கிட்ட காட்டணுமே. குடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

கேட்டது நியாயமாக இருந்ததால் கொடுத்துவிட்டார். முகம் முழுவதும் படத்துக்குள் வரட்டும் என்று அவள் நாலடி பின்னால் நகர்ந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க."

"ம்."

"மூக்கு நீலமா இருக்கு. கன்னம் பச்சையா இருக்கு."

"காய்ச்சல் மேலேர்ந்துதான் எறங்கும்."

"அது சரி. நாலு மூலையோடயா எறங்கும்?"

ராசாங்கம் முனகுவதை நிறுத்தினார்.

"வூட்டுக்கு ஜன்னல் வச்ச மாதிரி, நெத்தில கட்டம் கட்டி நிக்குது உங்க காய்ச்சல். கீழ வரிசையா குஞ்சம் வேற தொங்குது."

அவர் எழுந்துபோய், அவள் எடுத்த போட்டோவைத் திரையில் எட்டிப் பார்த்தார். உண்மைதான். துண்டின் மடிப்பு, கரை, முடிச்சுப் போட்ட குஞ்சம், எல்லாம் நெற்றியில் அச்சுக் குத்தியிருந்தன. மானம் போகிற அந்த நேரத்திலும் ராசாங்கத்தால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு நூல்கூட விடல பாரு. என்ன துல்லியம் புள்ள."

பொன்னாயி கேமராவை அறையில் மெதுவாகச் சுற்றினாள். மேசை ஊதா. சுவர் ஊதா. நாற்காலிக்கு அடியில் வந்ததும் கை நின்றது.

"இங்க ஒண்ணு உங்களவிட மோசமா காய்ச்சல்ல கெடக்குது. அதை எடுத்து உதறித் தோள்ல போட்டுக்கிட்டு கெளம்புங்க. அரியலூர் பஸ் வர்ற நேரம்."

போனார். மைக்கைப் பிடித்தார். பந்தல் முழுக்கத் தலைகள். "எல்லாருக்கும் வணக்கம். வூட்டுக்கு எர்த் நல்லாப் போட்டிருக்காங்க. நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு சுருக்கமாகப் பேசிய தலைவரை அந்த ஊர் பார்த்ததில்லை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

மறுநாள் லாவண்யா போன் செய்தாள்.

"ஐயா, எதை வச்சுக்கப் போறீங்க?"

பொன்னாயி பக்கத்திலேயே நின்று மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கேமராவைக் கேட்கிற யோக்கியதை தனக்கில்லை என்று ராசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஒரு சாமான் வீட்டில் இருப்பது ஆபத்து என்றும் தெரிந்திருந்தது.

"நம்பர் மட்டும் காட்டுதே, அதுவே போதும்மா."

"என்னங்கய்யா இப்படிச் சொல்றீங்க? அம்மா நேத்தே பஸ்ல இருந்து போன் பண்ணிட்டாங்களே. ஓரம் தெளிவாத் தெரியுற கேமராதான் வேணும்னாங்க."

ராசாங்கம் திரும்பிப் பார்த்தார். பொன்னாயி தலை நிமிராமல் மொச்சை உரித்தாள். இத்தனை நடந்தபிறகும் இப்படி ஒரு மனசா? போர்டுக்குள் கனன்ற அந்தக் கெப்பாசிட்டரைப் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு பிரமித்ததில்லை.

"அம்மாவே சொன்னாங்களா?"

"ஆமாங்கய்யா. பூட்டு வச்ச பெட்டியோட கேட்டாங்க. சாவி ரெண்டையும் அவங்க கையிலதான் குடுக்கணுமாம்."