எஞ்சின் நின்ற இடம்

எங்கள் பக்கத்தில் முப்பது தாண்டிய விவசாயிக்குப் பெண் தேடுவது வறண்ட காட்டில் போர் போடுவதைப் போன்றது. ரிக் வண்டிக்காரன் குழாய்க்கு மேல் குழாயாக இறக்கிக்கொண்டே இருப்பான். வெளியே வருவது புழுதிதான். எனக்கும் அப்படித்தான் ஊர் ஊராக இறக்கிப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் தறி இல்லையா என்றார்கள், இன்னொரு வீட்டில் காடு மட்டும்தானா என்றார்கள். (காட்டை விற்றுவிட்டு பெங்களூர் போனால் யோசிக்கலாம் என்று ஒரு மகராசன் சொன்னார். நான் யோசித்து முடிப்பதற்குள் பெங்களூர்க்காரனுக்கே கொடுத்துவிட்டார்.)

கடைசியாக ஓமலூர் பக்கமிருந்து கௌசல்யாவின் ஜாதகம் பொருந்தியது. போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்க்க அப்பாவோடு அவளும் பள்ளிபாளையம் வந்தாள்.

பழைய லாரி வாங்க வந்தவர் டயரைத் தட்டிப் பார்ப்பாரே, அப்படித்தான் அவள் அப்பா என்னைப் பார்த்தார். கிணறு எத்தனை அடி, தென்னை காய்ப்பு எப்படி, முன்தலையில் முடி எப்போதிருந்து கொட்டுகிறது, பரம்பரையா, பாதியில் வந்ததா. காபி குடிக்கும்போதும் கேட்டார், கை கழுவும்போதும் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். அதையும் பார்த்துவிட்டு, "பல்லு ஏதாச்சும் வலிக்குதுங்களா தம்பி?" என்றார்.

என் தாய்மாமா அப்போது ஆற்றில் மீன் குத்தகை எடுத்திருந்தார். அதற்காக ஒரு சின்ன ஃபைபர் படகும் பெட்ரோல் எஞ்சினும் வைத்திருந்தார். கோடை முழுக்கக் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்த படகு அது. மேட்டூரில் தண்ணீர் திறந்து கதவணையில் ஆறு நிரம்பியதும் அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். மழையைப் பார்த்து வெள்ளாமை செய்கிற ஓமலூர்க்காரர்களுக்கு இவ்வளவு தண்ணீரைக் காட்டினாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்பது மாமாவின் கணக்கு. யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது, அந்தப் படகில் உட்கார்ந்து மட்டுமே போயிருந்த நான், "நானே ஓட்டறனுங்க" என்றேன்.

முன்பலகையில் அப்பாவும் மகளும். பின்னால் நான். என் பக்கத்தில் சித்தப்பா மகன் குமரேசன். மாமாவும் அம்மாவும் கரையில் நின்று கையசைத்தார்கள். எஞ்சின் எடுத்தவுடன் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மாட்டி, கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுத்ததில் ஒருவழியாக உறுமியது. "பழைய எஞ்சினுங்களா?" என்றார் அவள் அப்பா.

ஆற்றுக்குள் கொஞ்ச தூரம் போனோம். காதடைக்கும் சத்தம். முன்னால் கௌசல்யா தண்ணீரில் விரலை விட்டபடி வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் குமரேசனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்காதே என்று தொண்டை கிழியக் கத்தினேன். "இந்தப் புள்ளைய எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. அதுக்காகத்தான்" என்பது வரைக்கும் எஞ்சின் ஓடியது. அப்புறம் நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை.

"இந்த அறுவைக் கெழவன இவ்வளவு நேரம் பொறுத்துக்கிட்டிருக்கறேன்."

ஆற்றில் எதிரொலி உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கரையில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்தது இங்கிருந்தே தெரிந்தது. முன்பலகையில் இரண்டு முதுகுகளும் அசையவில்லை.

மனுசன் என்றால் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பான். நான் கயிற்றை இழுத்தேன். விடாமல் இழுத்தேன். எஞ்சினைக் கிளப்பிவிட்டால் சொன்னது சொல்லாததாகிவிடும் என்று எப்படியோ தோன்றிவிட்டது. ஒரு இழுப்பில் படகு ஆடி, அவள் அப்பாவின் தோள்துண்டு ஆற்றோடு போனது. படகு ஒதுங்கி ஒதுங்கி ஆகாயத்தாமரைக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. குமரேசன்தான் தன் துண்டை அவரிடம் நீட்டி, "தப்பா நெனச்சுக்காதீங்க மாமா, அண்ணன் ஏதோ வெளையாட்டுக்குச் சொல்லீட்டாரு" என்றான். நான் அப்போதும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

கௌசல்யா திரும்பினாள். என்னைப் பார்க்காமல் குமரேசனிடம், டேங்க் மூடியின் மேல் காற்றுப் போகிற திருகு திறந்திருக்கிறதா என்று கேட்டாள். வீட்டில் மருந்தடிக்கிற மிஷினும் அதை மூடி வைத்தால் இப்படித்தான் நின்றுபோகுமாம். குமரேசன் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அவனே கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பு, கிளம்பிவிட்டது.

அப்போதுதான் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இனிப் பேசுங்க. ஒண்ணும் கேக்காது."

பதில் மாமா மூலமாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவள் அப்பா சம்மதித்துவிட்டார். அவருடைய சொந்த அண்ணன் தம்பிகள் அதைவிட மோசமாகப் பேசுவார்களாம். பெண்தான் வேண்டாம் என்றுவிட்டாள். அப்பாவைச் சொன்னதைக்கூட மறந்துவிடலாம், எஞ்சின் நின்றதும் தங்களைப் பார்க்காமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்த மனுசனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று கேட்டாளாம்.

அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை குமரேசன். (பந்தியில் பாயசம் ஊற்றியது நான்தான். நன்றாக இருந்தது என்றார்கள். நான் குடிக்கவில்லை.)

எனக்கு இன்னும் ஆகவில்லை. பக்கத்து வீடுதான் அவர்கள் வீடு. என் வீட்டில் யாராவது யாரைப் பற்றியாவது புறம் பேச ஆரம்பித்தால், குமரேசன் மகள் ஓடிவந்து, "எஞ்சின் ஓடுதாங்க பெரியப்பா?" என்று கேட்பாள். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

அவள் தாத்தாவும் இப்போது மகள் வீட்டோடு வந்துவிட்டார். தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்து, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று விசாரிப்பார். எனக்குப் பெண் பார்க்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகப் போன் போடுவார்.

"பையன் தங்கமுங்க. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. படகுல மட்டும் ஏத்தீராதீங்க."

எதிர்முனையில் ஏன் என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார். கதை முடியும்போது அந்த இடமும் முடிந்திருக்கும்.