பெரிய கிராஃபிக்ஸை அணைத்த கதை

என் வாழ்க்கையில் எனக்கென்று மிச்சமிருப்பது சாயங்காலம் ஒரு மணி நேரம். அதைக் காப்பாற்றத்தான் லேப்டாப்பின் பெரிய கிராஃபிக்ஸை அணைப்பது என்று முடிவெடுத்தேன்.

விஷயம் இதுதான். என் லேப்டாப்பில் திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு. சின்னது சாதுவாக ஆபீஸ் வேலை பார்க்கும். கார் ரேஸ் கேமைத் திறந்தால் பெரியது தானாக விழித்துக்கொள்ளும். உடனே உள்ளே இருக்கும் ஃபேன் மாவு மில் மாதிரி அலறும். ஹாலில் இருக்கும் மனைவிக்குக் கேட்காமல் இருக்குமா? "ஏன் இப்படிக் கத்துது?" என்று கேட்டேவிட்டாள்.

"ஆபீஸ் கணக்கு. கொஞ்சம் பெருசு" என்றேன்.

எதிர்வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். அவரிடம் யோசனை கேட்டேன்.

"தினசரி உபயோகத்துக்கு அது எதுக்கு சார்? ஆஃப் பண்ணிடுங்க. பேட்டரி நிக்கும், சூடு குறையும்."

"சத்தம்?"

"மூச்சு விடாது."

பண்ணினேன். வீடே அமைதியானது. கேமில் என் கார் மட்டும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல விட்டு விட்டு நகர்ந்தது. போகட்டும், நிம்மதியாகத் தோற்கலாம் என்று நினைத்தேன். முதல் வளைவு திரும்புவதற்குள் மனைவி வந்து நின்றாள். லேப்டாப்பைச் சட்டென்று மூடினேன்.

"வேலை முடிஞ்சிருச்சா?"

"இல்லையே, ஓடிட்டிருக்கு."

"சத்தத்தையே காணோம், சும்மாதானே இருக்கீங்க? பரண்ல இருக்கிற பெட்டியை இறக்குங்க."

இறக்கினேன். மறுநாள் ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். அதற்கு மறுநாள் குளியலறையைத் தேய்த்தேன். தேய்க்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை நாளும் எனக்குக் காவல் நின்றது அந்த இரைச்சல்தான். பாவி, என் கையாலேயே அதன் கழுத்தை நெரித்துவிட்டேனே. அழுகையே வந்துவிட்டது.

பெரியதை மறுபடி ஆன் செய்தேன். ஃபேன் அலறியது. ஒரு வேலையும் வரவில்லை. கடைசிச் சுற்றில் நான் இரண்டாவது ஆள். மனைவி கதவருகில் வந்து ஏதோ கேட்டாள். "சரி, சரி" என்றேன். அந்தச் சுற்றில் முதலாவதாக வந்தும்விட்டேன்.

ஜெயித்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்ற நினைப்பு வந்தது. ஹாலுக்கு ஓடினேன்.

"என்னமோ கேட்டியே, என்னது?"

"நீங்கதான் சரின்னுட்டீங்களே."

"எதுக்கு?"

"அது கத்தினா நீங்க கார் ஓட்டறீங்கன்னு எனக்குத் தெரியாதா? அப்ப எதைக் கேட்டாலும் சரிதான் வரும். இந்த சோபாவே அப்படி வந்ததுதான். நடுவுல கத்தாம இருந்துச்சா, ஒண்ணும் கேக்க முடியாம நான் தவிச்சுப் போயிட்டேன்."

சோபாவிலேயே உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு என்ன கேட்ட?"

"என் தம்பிக்கு உங்க லேப்டாப்பைக் குடுத்துடலாமான்னு கேட்டேன். நாளைக்கு வர்றான். அவனும் கார்தான் ஓட்டுவான். எதையோ அணைச்சு வெச்சிருந்தீங்களாமே, எதிர்வீட்டுக்காரர் சொன்னாரு. குடுக்கறப்போ அதை ஆன்லயே வெச்சுக் குடுங்க."