சிவப்பைக் கொஞ்சம் குறைத்தபோது

"ஏங்க, அம்மாவுக்கு உடம்பைக் காணோம்!"

மனைவி போட்ட சத்தத்தில் ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தார். வாஸ்தவம்தான். கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க ஒரே ஒரு பட்டனைத் தட்டியிருந்தார். மாமியாரின் சிவப்புப் புடவையும் பின்னாலிருந்த பச்சைச் சுவரும் ஒரே சாம்பல் நிறமாகி, நடுவில் தலை மட்டும் மிதந்தது.

"இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. நீ போய் டீ போடு."

போன மாதம் அவரே எடுத்த படம் அது. "போட்டோ புடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கல்யாணத்தன்றே கேட்ட மாமியார், ஆறு வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டு ஓர் உதவி கேட்டிருந்தார். வீட்டு ஹாலில் வரிசையாகத் தொங்கும் பழைய குடும்பப் படங்களோடு பொருந்துகிற மாதிரி, தன் படமும் கறுப்பு வெள்ளையில் வேண்டுமாம். நாலு மணிக்குத் தன் தம்பியோடு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இதில் ஜெயித்தால் ஆயுசுக்கும் மாப்பிள்ளைக்கு மரியாதை. சொதப்பினால், இருக்கிற மரியாதையும் போய்விடும்.

எந்த நிறம் எவ்வளவு வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று மாற்றுகிற இடத்துக்குப் போய், சிவப்பின் அளவைக் கூட்டினார். புடவை வெளுத்து, சுவரைவிட்டுப் பளிச்சென்று பிரிந்தது. கூடவே உதடும் வெளுத்துக் காணாமல் போனது. செம்பட்டை டை அடித்த தலைமுடி மொத்தமும் நரைத்துவிட்டது.

டீயோடு வந்த மனைவி அலறினாள். "ஐயையோ! டை அடிச்சு ரெண்டு நாள்ல எடுத்த படம்ங்க இது. பார்த்தா உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க!"

"எதுக்குப் பதறுற? கூட்டினா நரைக்குதுன்னா, குறைச்சா கறுக்கப் போகுது. அவ்வளவுதானே?"

குறைத்தார். முடி கறுத்தது. புடவையும் இருட்டுக்குள் போயிற்று. போனால் போகட்டும் என்று முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பழைய கலர் படத்தின் மேலேயே சேமித்து, அச்செடுத்து, பிரேமும் போட்டுவிட்டார்.

"எப்படி?" என்று பெருமையாகத் தூக்கிக் காட்டினார்.

மனைவி பிரேமைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். "அம்மாவுக்கு... மீசை முளைச்சிருக்குங்க."

கலரில் கண்ணுக்கே படாத பூனைமுடி, சிவப்பு குறைந்ததும் கறுகறுவென்று மேலுதட்டை நிறைத்திருந்தது.

"கலர் படத்தை எடுங்க, முதல்லேர்ந்து செய்யலாம்."

"அதுக்கு மேலதானே இதைச் சேமிச்சேன்."

"வேற காப்பி?"

"நான் தப்பு பண்றதில்லையே, காப்பி எதுக்குன்னு..."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் உள்ளே வந்த வேகத்தில் பிரேமைக் கையில் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். உதடு துடித்தது. கண் கலங்கியது.

ஸ்டூடியோக்காரர் இரண்டடி பின்வாங்கினார். "அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க. சிவப்பைக் கொஞ்சம் குறைச்சதுல..."

மாமியாரின் தோளுக்குப் பின்னாலிருந்து தம்பி எட்டிப் பார்த்தார்.

"அக்கா! நம்ம அப்பா! சாகிற வரைக்கும் ஒரு கேமரா முன்னாடி நிக்காத மனுஷனாச்சே, இந்தப் படத்தை எங்கேர்ந்து மாப்ளே கண்டுபிடிச்சீங்க?"