முதலாளி வீட்டு எலி

"இருக்குதுங்ளா?"

சிங்கப்பூரிலிருந்து ஐ.எஸ்.டி. போட்டு முதலாளி ஆறுச்சாமி கேட்ட முதல் கேள்வி அதுதான். ஷிப்மென்ட் போயிற்றா, சாயத்துக்குப் போன துணி வந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை.

"இருக்கு முதலாளி. நல்லா இருக்கு," என்றான் பாண்டித்துரை. செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கூண்டை அமுக்கிப் பிடித்தான். பிடித்து என்ன புண்ணியம்? உள்ளே இருந்த எலி கம்பியைக் கவ்விக்கொண்டு கறக் கறக் என்று கடித்துக்கொண்டுதான் இருந்தது.



"இங்க வரைக்கும் கேக்குதுங்க," என்றார் ஆறுச்சாமி. "ஏனுங்க பாண்டி, உங்க லைன் ஊட்டுப் பக்கம் பூனை கீனை திரியுதுங்ளா?"

"ரெண்டு திரியுது முதலாளி."

"அப்படிங்ளா," என்று பெருமூச்சு விட்டுப் போனை வைத்துவிட்டார்.

அந்தப் பெருமூச்சு பாண்டித்துரையை உலுக்கிவிட்டது. கடல் தாண்டிப் போயும் ஒரு எலிக்காக ஒரு மனுஷர் இப்படி உருகுகிறாரே. அன்று சாயங்காலமே இரண்டு பூனைகளையும் சாக்கில் பிடித்துப் போட்டுக்கொண்டு, பல்லடம் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தான். கையெல்லாம் கீறல்.

அதை எலி என்று சொல்லக்கூடாது, ஹேம்ஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டும். முதலாளி மகள் அக்ஷராவின் பிறந்த நாளுக்கு பெங்களூர் மாமா வாங்கிக்கொடுத்தது. பெயர் டெடி. குடும்பத்தோடு சிங்கப்பூர் டூர் கிளம்பிய அன்று, டிரைவர் வெள்ளையன் அருள்புரத்தில் பாண்டித்துரை குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கூண்டை எடுத்து நீட்டினார்.

"பாப்பாவோட எலிங்க தம்பி. வர்ற வரைக்கும் உங்ககிட்ட இருக்கோணுமாம். கதவு கொஞ்சம் லூசா இருக்குதுங்க."

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு முதலாளி கறாராச் சொல்லிப்போட்டாருங்க."

பாண்டித்துரை குழம்பியதற்குக் காரணம் இருந்தது. அவன் ஆறுச்சாமியின் பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவன். பார்த்துக்கொள்கிறவன் என்பது பேச்சுக்குத்தான். குடோன் சாவியைத் தொலைத்தான். ஜெர்மன்காரர் ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைப் பத்திரப்படுத்தச் சொன்னார்கள், அதையும் தொலைத்தான். போன மாதம், துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து அனுப்பிய அப்ரூவ்டு சாம்பிளே காணாமல் போயிற்று. மொத்த ஆர்டரும் அந்த ஒரு டி-ஷர்ட்டைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். கம்பெனியே தலைகீழானது.

ஆறுச்சாமி அவனைக் கேபினுக்குள் கூப்பிட்டார். கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதையும் ஏறும். "இனி ஒரே ஒரு பொருள் உங்க கையில தொலைஞ்சாலும், அன்னைக்கே நீங்க உங்க ஊருக்கு அருப்புக்கோட்டை பஸ் ஏறிக்கலாமுங்க. நானே டிக்கெட் எடுத்துத் தர்றேனுங்க."

அப்படிச் சொன்னவர்தான் இப்போது மகளின் செல்லத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"இது கூடப் புரியலையா? உங்களை டெஸ்ட் பண்றாரு," என்றாள் மனைவி நதியா. "இதைப் பத்திரமாத் திருப்பிக் குடுத்தா வேலை நிலைக்கும். இல்லேன்னா பஸ்ஸுதான்."

ஊருக்குப் போனால் அங்கே என்ன இருக்கிறது? தீப்பெட்டி ஒட்டலாம், இல்லாவிட்டால் மாமனார் கடையில் நின்று மாமனாரிடம் பேச்சு வாங்கலாம். பாண்டித்துரை முதல் வேலையாகக் கூண்டுக் கதவைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினான். எலி அன்றைக்கே கூண்டுக் கம்பியைக் கடிக்கத் தொடங்கியது. கம்பியோ சின்னக் கம்பி. இந்த வேகத்தில் போனால் அக்ஷரா வருவதற்குள் எலி வெளியே வந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது.

"பசிக்குதோ என்னவோ," என்றாள் நதியா.

வறுத்த நிலக்கடலை போட்டார்கள். எலி ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்குள் தள்ளியது. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கடலை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அதன் இரண்டு கன்னமும் உப்பி, முகம் உடம்பை விடப் பெரிதாகிவிட்டது.

நதியா பயந்துவிட்டாள். "ஏங்க, இது பொன்னுக்கு வீங்கி."

"எலிக்கு எப்படி பொன்னுக்கு வீங்கி வரும்?"

"எனக்கு வந்தப்ப இப்படியேதான் இருந்துச்சு. தங்கத்தைக் கழுத்துல போட்டா இறங்கிரும்."

எலிக்கு ஏது கழுத்து? நதியா தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, தையல் நூலில் கோத்து, எலியின் கன்னத்தில் படுகிற மாதிரி கூண்டுக்குள் தொங்கவிட்டாள். விடிந்து பார்த்தால் நூல் அறுந்திருந்தது. மோதிரத்தைக் காணோம். எலியின் வலது கன்னம் மட்டும் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"எங்கம்மா போட்ட மோதிரம். அது வராம இந்த எலி எங்கயும் போகக் கூடாது," என்றாள் நதியா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் பாண்டித்துரைக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார். "இருக்குதுங்ளா?"

"இருக்கு முதலாளி. ஆனா கன்னம் வீங்கியிருக்கு. டாக்டர்ட்டக் காட்டவா?"

"அய்யோ, வேண்டாமுங்க. மருந்து மாத்திரைன்னு போனா வாயில்லாச் சீவன் தாங்காதுங்க. அதும்பாட்டுக்கு விட்டுருங்க."

எவ்வளவு இரக்க சுபாவம் என்று பாண்டித்துரைக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட மனுஷரை ஏமாற்றக்கூடாது. பல் படாதபடி கம்பியை மூடிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்து, கம்பெனியிலிருந்து இடுப்பு எலாஸ்டிக் துண்டுகளைக் கொண்டுவந்து கூண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

எலிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எலாஸ்டிக்கைப் பல்லால் கவ்வி, பின்னாலேயே நடந்து இழுத்து, விடும். டப். திரும்பவும் வந்து கவ்வும். டப். கறக் கறக்கிலாவது ஒரு தாளம் இருந்தது. இதில் அடுத்த டப் எப்போது என்று காத்துக்கொண்டே படுத்திருக்க வேண்டியிருந்தது.

காலையில் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் வந்து நின்றாள். அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள்.

"ஏப்பா பாண்டி, ராத்திரியெல்லாம் வீட்டுக்குள்ள மிஷின் போட்டு எலாஸ்டிக் அடிக்கிறீகளோ? சத்தம் செவுத்தைத் தாண்டி வருதே."

"அது எலிதான்க்கா."

"நானும் முப்பது வருசமா மிஷின் சத்தம் கேக்குறவதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டீ டைமுக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. பாண்டித்துரை வீட்டில் மிஷின் போட்டுத் தனியாக ஜாப் ஒர்க் எடுக்கிறான், காணாமல் போன சாம்பிளெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது என்று பேச்சு. டீ டம்ளரோடு வந்த கட்டிங் மாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க கம்பெனில என் மச்சானுக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்றார்.

பாண்டித்துரை கையிலிருந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டான். இது முதலாளி காதுக்குப் போனால் பஸ் டிக்கெட்டோடு போலீஸும் வரும். சாட்சியைக் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மறுநாள் கூண்டைச் சைக்கிளில் கட்டிக் கம்பெனிக்கே கொண்டுபோய் சாம்பிள் ரூம் மேசையில் வைத்தான். மோதிரத்தைக் கண்ணில் பார்க்காமல் விடமாட்டேன் என்று நதியாவும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

எலி அத்தனை பேர் முன்னாலும் எலாஸ்டிக்கை இழுத்து டப்பென்று விட்டது. சீனியம்மாள் மோவாயில் கை வைத்துக்கொண்டு, "அட, எலிதான்" என்றாள்.

ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தரணீதரன் மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "பாண்டியண்ணா, அதுக்கு போர் அடிக்குதாமுங்க."

"எதுக்கு?"

"எலிக்குங்க. சின்ன எடத்துல வேலை வெட்டி இல்லாம அடைச்சு வெச்சா கம்பியத்தான் கடிக்குமாமுங்க. பெரிய எடம் வேணும், தோண்டறதுக்கு எதாச்சும் வேணும், கடிக்கறதுக்கு மரமோ அட்டையோ வேணுமாமுங்க."

பாண்டித்துரைக்கு அது ஜீரணமாகவில்லை. டபுள் ஷிப்ட் போட்டுவிட்டு பஸ்ஸில் நின்றபடி தூங்குகிற ஊரில், ஒரு ஜீவனுக்கு வேலையில்லாமல் சலிப்பா? ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல், இருப்பதிலேயே பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து, கட்டிங் வேஸ்ட் துணியைக் கழுத்தளவு கொட்டி, எலியை உள்ளே விட்டான். நூல் சுற்றிவந்த காலி பேப்பர் கோன்கள் சில கீழே கிடந்தன. அவற்றையும் போட்டான்.

எலி துணிக்குள் முங்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

கறக் இல்லை, டப் இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் பெட்டி அமைதியாக இருந்தது. இத்தனை நாளும் எந்தச் சத்தத்தை நிறுத்தப் பாடுபட்டானோ, அது நின்றதும் பாண்டித்துரை பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். அடியில் ஒரு மூலையில் ஓட்டை. பழைய ஓட்டையா, புது ஓட்டையா என்று தெரியவில்லை.

"போச்சு," என்றான்.

"என் மோதிரம்," என்றாள் நதியா.

மொத்தத் துணியையும் தரையில் கொட்டி, ஒவ்வொரு துண்டாக உதறினார்கள். போன் அடித்தது.

"இருக்குதுங்ளா?"

பாண்டித்துரைக்குப் பொய் வரவில்லை. "முதலாளி... தேடிட்டு இருக்கோம்."

மறுமுனையில் ஏதோ விழுந்து உருண்டது. "காணமுங்களா? நெசமாலுமா? சரி, சரி. நீங்க ஒன்னும் மனசுல வெச்சுக்காதீங்க. உசுருன்னா போகத்தான் செய்யும். பாப்பாவ நான் சமாதானம் பண்ணிக்கறேனுங்க. பஸ் கிஸ்னு நான் சொன்னதெல்லாம் மறந்துருங்க பாண்டி. தேடி அலையாதீங்க, போய் வேலையப் பாருங்க."

பாண்டித்துரை அழுதேவிட்டான். இப்படியொரு முதலாளிக்காக உயிரையே கொடுக்கலாம் என்று தோன்றியது. அழுதுகொண்டே பக்கத்தில் கிடந்த பேப்பர் கோன் ஒன்றை எடுத்தான். கனத்தது. உள்ளே, சுகமாகச் சுருண்டு, கோனின் ஓரத்தைப் பூப்பூவாகக் கொறித்தபடி டெடி உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில் நிலக்கடலைக் குவியல், நடுவில் நதியாவின் மோதிரம்.

"முதலாளி, கிடைச்சிருச்சு!"

லைன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த எலி கம்பியைத் தொடவே இல்லை. கூண்டு நிறைய வேஸ்ட் துணி, தினம் ஒரு புதுக் கோன். பகலில் தூங்கும், இருட்டினால் கோனைக் கொறிக்கும். லைன் வீடே நிம்மதியாகத் தூங்கியது. போன தடவை தொலைந்த சாம்பிளுக்கும் சேர்த்து ஈடுகட்டுவதுபோல, பாண்டித்துரை அப்ரூவ்டு சாம்பிளுக்குப் போடுகிற மாதிரியே கூண்டுக் கதவுக்குத் தினமும் புது டேக் மாட்டி சீல் வைத்துக் காவல் காத்தான்.

முதலாளி குடும்பம் ஊர் திரும்பிய அன்று, காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டுக் கூண்டோடு போய் நின்றான். அக்ஷரா ஓடி வந்து, "டெடி" என்று கூண்டைக் கட்டிக்கொண்டாள்.

ஆறுச்சாமி சோபாவில் உட்கார்ந்தபடியே கூண்டைப் பார்த்தார். "கதவு லூசா இருந்துதே?"

"கட்டுக்கம்பி போட்டு இறுக்கிட்டேன் முதலாளி."

"அந்தப் பூனைங்க?"

"அன்னைக்கே பல்லடம் கொண்டுபோய் விட்டுட்டேன்."

"ஓ," என்றார் ஆறுச்சாமி.

அவர் மனைவி கூண்டுக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "இதென்ன கண்ணு, ஒரே குப்பை?" என்று சொல்லி, வேஸ்ட் துணியையும் கோனையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு, கூண்டைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினார். பாண்டித்துரை வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எலி ஒரு சுற்று சுற்றி வந்து கோனைத் தேடியது. பிறகு கம்பியைக் கவ்வியது. கறக் கறக்.

ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"முதலாளி, அந்த அருப்புக்கோட்டை பஸ்ஸு..." என்று பாண்டித்துரை இழுத்தான்.

"நாளைக்கு வேலைக்கு வாங்க," என்றார் கண்ணைத் திறக்காமலே.

வேலை தப்பிவிட்டது. ஆனால் ஒரு நன்றி இல்லை, சிரிப்பு இல்லை, ஒரு டீ கூட இல்லை. போனில் அப்படி உருகிய மனுஷர் நேரில் ஏன் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்? பாண்டித்துரை குழம்பிப்போய் வெளியே வந்தான். வெள்ளையன் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளையண்ணே, இவ்வளவு பண்ணியும் முதலாளிக்கு எம்மேல நம்பிக்கையே வரலையாண்ணே?"

வெள்ளையன் துணியை உதறினார்.

"நம்பிக்கை இல்லாமயா தம்பி, அது கடிக்கற சத்தத்துல ஊட்ல ஒருத்தருக்கும் தூக்கமில்லாம இந்த எலிய எப்படித் தொலைக்கறதுன்னு தவிச்சப்ப நான் சீனியம்மா பேரச் சொன்னேனுங்க, முதலாளிதான் 'அந்தம்மா பத்திரமாத் திருப்பிக் குடுத்துப்போடும், பாண்டிகிட்டக் குடு, அவரு கைக்குப் போன பொருள் எது திரும்பி வந்திருக்குது'ன்னு அடிச்சுச் சொன்னாருங்க."