அட்டைக்காரரின் ஆங்கிலம்

"...நான் சொல்றதைக் கேளும்மா. உன் தம்பி பேர்ல வர்றதை உன் தம்பி எழுதல. இதோ, இந்தப் பொம்பள பேர்ல வர்றதுதான் உன் தம்பி எழுதிகினு இருக்கறது" என்று சொல்லி, என் ஃபோனைப் பரிமளாவின் முகத்துக்கு நேராக நீட்டினார் அட்டைக்காரர்.

பரிமளா என்ன சொன்னாள் என்பது இருக்கட்டும். முதலில் அட்டைக்காரர் யார் என்று சொல்லிவிடுகிறேன். வாயைத் திறந்து ஒரு 'தேங்க் யூ' கூடச் சொல்லாமல், இங்கிலீஷ்காரனே பயந்து ஓடுகிற அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரும் எங்கள் ஆரணியை ஒட்டின சேவூரில்தான் இருக்கிறார்.

அவர் படிப்பு எட்டாம் வகுப்பு. தொழில், தறிக்கு அட்டை குத்துவது. பட்டுச் சேலையில் மயிலும் மாங்காயும் தானாக வந்து உட்காருவதில்லை. நீள அட்டைகளில் கணக்காக ஓட்டை குத்தி, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, தறிக்கு மேலே தொங்கவிட வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறதோ அதன்படி இழை எழும்பும். ஒரு ஓட்டை தப்பினால் போச்சு, முந்தானையிலிருக்கிற அத்தனை மயிலுக்கும் அதே கண் குருடாகும். ஒவ்வொரு ஆளுக்கும் கைப்பழக்கமாகத் தப்புகிற ஓட்டை ஒன்று உண்டாம். கடையில் தொங்குகிற சேலையை ரோட்டில் நின்று பார்த்தே, அட்டை குத்தினவன் யார் என்று சொல்லிவிடுவார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் வந்து, கெட்டுப்போன தாள்களைக் கேட்டார். பொட்டலம் மடிக்க என்று நினைத்துக் கொடுத்தேன். வாரா வாரம் வந்தார். இங்கிலீஷ் தாள்தான் வேண்டும், தமிழ் வேண்டாம் என்றார். லீவ் லெட்டர், வேலை மனு, புகார், மன்னிப்புக் கடிதம், எல்லாம் எடுத்துக்கொண்டு போவார்.

"எதுக்குண்ணே?"

"டிசைன் பாக்கறதுக்கு. ஜனங்க புதுசா எழுதறதா நெனைச்சிகினு இருக்காங்க. எல்லாம் ஒரே அட்டைப்பா."

நம்பவில்லை என்றால் இதைக் கேளுங்கள். பக்கத்து மருந்துக்கடைப் பையனுக்கு ஒரு கம்பெனியிலிருந்து பதில் வந்திருந்தது. அச்செடுத்து மேஜையில் வைத்தேன். அட்டைக்காரர் முதல் வரியை மட்டும் விட்டு மீதியை உள்ளங்கையால் மூடினார். 'தேங்க் யூ ஃபார் யுவர் இன்ட்ரஸ்ட்' என்று இருந்தது. "நன்றின்னு ஆரம்பிச்சிருக்கான். நாலாவது வரில ஒரு ஹவெவர் வரும். அதுக்கு அப்பால உனக்கு வேலை இல்ல" என்றார். கையை எடுத்தார். நாலாவது வரியில் ஹவெவர் உட்கார்ந்திருந்தது. வேலை இல்லை.

அதற்குப் பிறகு அவர் கடைக்குள் நுழைந்தால் ஜனங்கள் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோடு நின்ற ஒரு பெரியவர் அவரைப் பார்த்ததும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார், கடைக்கு உள்ளேயே. டீச்சர் ஒருவர் ஐந்து வருஷத்தில் எழுதின லீவ் லெட்டர்களை வைத்து, 'அடுத்த வியாழக்கிழமை இந்தம்மாவுக்குக் காய்ச்சல் வரும்' என்றார் அட்டைக்காரர். அந்தம்மா ஜுரத்தோடு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனது, அவரைப் பொய்யாக்கவே.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. உள்ளே கால் வைத்தேன். கூரையிலிருந்து தரைவரை அட்டை மாலைகள். தாளில் படித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓட்டையாகக் குத்தித் தொங்கவிட்டிருந்தார். கெஞ்சுகிறவர்களுக்கு ஒரு மாலை. பொய் சொல்கிறவர்களுக்கு ஒன்று, அதுதான் நீளம். காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து சடசடவென்று அடித்துக்கொண்டன. யாரோ இருபது பேர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. ஒரு மாலையைக் காட்டி, "இது நீதான்" என்றார். நான் என் கடைக் கட்டிடத்து ஓனருக்கு எழுதின கடிதங்களாம். வெயில் ஓட்டை வழியாக விழுந்து, என் சட்டை மேலேயே என்னைப் புள்ளி புள்ளியாகக் காட்டியது. காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜல்தியாக வெளியே வந்தேன்.

இனி பரிமளா. புடவைக் கடையில் சேலை மடிப்பவள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பி தினகரனைத் தூக்கி வளர்த்தவள். அவன் என் கடையில் உட்கார்ந்துதான் வேலை மனுவெல்லாம் எழுதினான். எழுதி, அடித்து, மறுபடி எழுதி, பன்னிரண்டு தாள் கெடுத்தான். அத்தனையும் அட்டைக்காரரின் பைக்குள் போய் அங்கேயே கிடந்தன. கடைசியில் கிழக்கே ஏதோ ஒரு தேசத்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போனான். முதல் மாசம் பேசினான். அப்புறம் குரல் நின்றது. வாரம் ஒரு மெசேஜ், இங்கிலீஷில். சௌக்கியம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, இங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்கள், அத்தானை அனுப்பு. பரிமளாவின் வீட்டுக்காரர் சேகருக்கு அடுத்த திங்கட்கிழமை விமானம். அவருடைய காகிதங்களை நகல் எடுக்கத்தான் அன்றைக்கு அவள் வந்திருந்தாள்.

என் பக்கமும் ஒரு சங்கதி. சொல்ல வெட்கம்தான். ஒரு வாரமாக லீனா என்று ஒரு பெண் எனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். தப்பான நம்பராம், ஆனால் என் முகத்தில் நல்ல மனசு தெரிகிறதாம். படத்தில் ஆப்பிள் மாதிரி இருந்தாள். நானும் சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஏதோ ஒரு ஆப் இறக்கச் சொன்னாள். என் பழைய ஃபோனில் இறங்கவில்லை என்றேன். அன்றைக்குப் பரிமளா கடையில் நிற்கும்போது வந்த பதிலை அட்டைக்காரர் என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டார். என் வீட்டுக்காரியிடம் சொல்வாரோ என்று திரும்பிப் பார்த்தால், மனிதர் முகத்தில் ரத்தம் இல்லை.

அந்தப் பதில் இதுதான்: 'ஒன் ஸ்மால் திங் இஸ் தேர். யூ ப்ளீஸ் ரீஸ்டார்ட் அண்ட் ஸீ.'

பைக்குள்ளிருந்து தினகரன் கெடுத்த பன்னிரண்டு தாளையும் எடுத்து மேஜையில் பரப்பினார். எல்லாத் தாளிலும் அதே வரிசை. முதலில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அப்புறம் யூ ப்ளீஸ். கடைசியில் அண்ட் ஸீ. என் சான்றிதழைப் பார்த்துப் பாருங்கள், எனக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்.

"லீனா பேசற மீதியெல்லாம் எவனோ குத்திக் கொடுத்த அட்டை" என்றார். "நீ ஆப் இறங்கலன்னு மடக்கினப்ப, குத்திக் கொடுத்தது தீந்து போச்சு. இந்த வரி மட்டும் சொந்தக் கை." பிறகு பரிமளாவின் ஃபோனை வாங்கி, தம்பி பெயரில் வந்ததையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை. தினகரன் வாழ்நாளில் எழுதாத அவ்வளவு சுத்தமான இங்கிலீஷ். அப்போதுதான் அவளிடம் நான் முதலில் எழுதின அந்தப் பேச்சைச் சொன்னார்.

பரிமளா சிரித்தாள். "இந்தாளுக்கு முத்திப் போச்சுண்ணா. என் தம்பி எதுக்குப் பொம்பள பேர்ல எழுதறான்?" என்று என்னைப் பார்த்தாள். நான் தாள்களை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் பார்வை மெல்லத் தாள்களுக்கு இறங்கியது. தாளிலிருந்து ஃபோனுக்குப் போனது. சேகரின் காகிதங்களை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெருவிலிருந்த அத்தனை பவர்லூமும் ஒரே மூச்சில் நின்றன. ஆரணியில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டால்தான் தெரியும்.

"அவனை அடிக்கிறாங்களாண்ணா?" என்றாள் அந்த அமைதியில்.

சேகர் போகவில்லை. மனு கொடுத்தோம், அலைந்தோம், நல்லவர்கள் சிலர் உதவினார்கள். ஏழெட்டு மாசம் கழித்துத் தினகரன் பாதியாக இளைத்து வந்து இறங்கினான். பூட்டின கட்டிடம், வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொரு நாற்காலியிலும், பெண் பேரில் பேசிப் பணம் பறிக்க அடித்து உட்கார வைத்த ஒரு லீனா. அதைப் பற்றி அவன் அதிகம் பேசுவதில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான்: "உங்க நம்பர்லருந்து ஒரு வரி வந்துதே, அன்னிக்கு ரெண்டு வேளையும் சாப்ட்டேண்ணா."

அந்த வரியை அனுப்பினது நான் இல்லை. அட்டைக்காரரை நினைத்தால் மாலைகளும் மருந்துக்கடைப் பையனும் எனக்கு ஞாபகம் வருவதில்லை. கரண்ட் போன அந்த மத்தியானம்தான் வருகிறது.

பரிமளா அப்படிக் கேட்டதும், அவர் தன் முக்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டார். அக்கா இங்கே இருக்கிறேன் என்று எழுதச் சொன்னாள் அவள். "வேணாம்மா, அவன் முதுகுக்குப் பின்னால எவனாவது பாத்துகினு நிப்பான். அவன் டிசைன்லயே போடலாம்" என்றார். என் ஃபோனை வாங்கி, இடைவெளி விட எதை அழுத்துவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், ஓட்டை குத்துகிற நிதானத்தோடு, தன் வாழ்நாளின் முதல் இங்கிலீஷ் வாக்கியத்தை எழுதினார்: 'ஒன் ஸ்மால் திங் இஸ் தேர். யூ ப்ளீஸ் வெயிட் அண்ட் ஸீ.' பரிமளாவின் விரலைப் பிடித்து அனுப்ப வைத்தார். அப்புறம் ஃபோனை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரை இருட்டப் பார்க்கும்போதெல்லாம், தூங்கப் போகிற பிள்ளையைத் தட்டுவது போல, விரலால் மெல்லத் தொட்டுத் தொட்டு அதை விழித்திருக்க வைத்தார்.