சாமி தலையசைத்தார்

கடைத்தெரு மாடியில் ஒரு சாமியார் வந்து இறங்கியிருந்தார். பல வருஷமாகக் கண்ணை மூடியதே இல்லையாம். யார் கூட இருந்து பார்த்தார்கள் என்று கேட்கிற ஆளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். கண்ணின் ஒளியைப் பக்தர்கள் தாங்க மாட்டார்களாம். என்ன கருணை பாருங்கள்.

தூக்கம் ஒரு பிசாசு, அதை விரட்டினால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது அவர் உபதேசம். விரட்ட ஒரு கயிறு தருவார். சும்மா இல்லை.

பள்ளி வேன் ஓட்டுநரும் கயிறு கட்டிக்கொண்டார். பகலில் வேன், ராத்திரி லாரி. அவர் மனைவி தையல்காரி. கணவரைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். கண் கோவைப்பழமாகிவிட்டது. தட்டில் கை வைத்தபடி சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை சிரித்தால்கூட எரிந்து விழுந்தார். கேட்டால், "பிசாசு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்" என்பார்.

ஒரு காலையில் வேன் பள்ளிக்கூடச் சுவரில் போய் முட்டியது. நல்லவேளை, பிள்ளைகள் அப்போதுதான் இறங்கியிருந்தார்கள்.

"சாமிதான் காப்பாத்துனாரு," என்றார் வீட்டுக்கு வந்து.

அவள் தையலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "முட்ட வச்சது யாரு? கிளம்புங்க. உங்க சாமியை நானும் பார்க்கணும்."

மாடியில் கூட்டம் நெரிந்தது. சாமியார் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"பையனுக்கு வேலை கிடைக்குமா சாமி?"

தலை மெல்லச் சரிந்து, வெடுக்கென்று நிமிர்ந்தது. "ஆமான்னுட்டாரு," என்று கூட்டம் சிலிர்த்தது.

"வீட்டை வித்துடலாமா சாமி?"

மறுபடி சரிவு, நிமிர்வு. "விக்கச் சொல்றாரு."

தையல்காரிக்கு அந்தத் தலையாட்டல் தெரிந்ததுதான். பண்டிகைத் தையலுக்காகக் கண்விழித்த மறுநாள், மிஷின் முன்னால் அவளும் அப்படி ஆடி விரலில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

முறை வந்ததும் நிதானமாகக் கேட்டாள்: "சாமி, நீங்க சொல்றதெல்லாம் பொய்தானே?"

தலை சரிந்து நிமிர்ந்தது. கூட்டம் மூச்சு விடவில்லை.

"இந்தக் கயிறும் ஏமாத்துதானே?"

தலை இன்னும் ஆழமாகச் சரிந்தது. இந்தத் தடவை நிமிரவில்லை. சீடர் ஓடி வருவதற்குள் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். இரண்டு கண்ணும் சுகமாக மூடியிருந்தன. தொடர்ந்து ஒரு குறட்டை வந்தது. நல்ல, ஆரோக்கியமான குறட்டை.

"சாமி தியானத்துல இருக்காரு," என்றார் சீடர்.

"அந்தத் தியானத்தைத்தான் எங்க வீட்டுக்காரரும் தினமும் செய்யணும்," என்றாள் அவள்.

கயிற்றை ஓட்டுநரே அவிழ்த்தார். ராத்திரி லாரியை விட்டார். நேரத்தோடு படுத்து எழுந்தார். சில நாளில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அது சிரிக்கும்வரை கோமாளித்தனம் செய்துகொண்டிருந்தார்.

சாமியார் வேறு ஊருக்குப் போயிருப்பார். அங்கேயும் வரிசை இருக்கும். ஐயா, அம்மா, உடம்பைத் தினமும் வேளையோடு தூங்க விடுங்கள். இத்தனை காலம் தூங்கியது போதும் என்று எழுப்பவேண்டியது அறிவைத்தான்.